இடமும் வாசிப்பும்: எகேரியாவின் பயணநூல் குறித்து ஒரு திறனாய்வு

திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும் நம்மவரிடையே எகேரியா அம்மையாரின் பயணநூலுக்கு நிலையானதோர் இடம் உண்டு. அது வழிபாட்டியல் வகுப்பில் அரைமணி நேரம். நான்காம் நூற்றாண்டு எருசலேமில் குருத்தோலை ஞாயிறு எவ்வாறு ஆசரிக்கப்பட்டது, தபசு காலம் எத்தனை வாரங்கள் நீடித்தது, திருமுழுக்குக்கு ஆயத்தமானோர் எவ்வாறு போதிக்கப்பட்டனர் என்னும் வினாக்களுக்கு விடை தேடும் மாணவனுக்கு அந்நூலின் பிற்பகுதியைச் சுட்டிக்காட்டுவோம். முற்பகுதியைப் பயணக் குறிப்புகள் என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவோம். இக்கட்டுரையாசிரியனும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே செய்து வந்தவன். திருப்பயணங்களைக் குறித்து மாணவர் வினவும்போது நிசாவின் கிரகோரியார் எழுதிய கடிதத்தை எடுத்துக்கூறி, அத்துடன் வினா முடிந்தது எனக் கருதியவன். சென்ற ஆண்டு அப்பயணநூலை முதலிலிருந்து இறுதிவரை நிதானமாக வாசிக்க நேர்ந்தது. வகுப்பில் நான் கூறி வந்தவற்றுள் சிலவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது அவ்வாசிப்பில் தெளிவாயிற்று.

நூல் நமக்குக் கிடைத்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1884ஆம் ஆண்டு இத்தாலியின் அரெட்சோ நகரில் காமுர்ரினி என்னும் அறிஞர் பழைய கைப்பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். பதினோராம் நூற்றாண்டில் மொந்தே கசீனோ மடத்தில் படியெடுக்கப்பட்ட அப்பிரதியில், புவாத்தியே நகர்ப் பேராயர் இலாரியாரின் எழுத்துகளோடு, தொடக்கமும் முடிவும் இழந்த பயணநூல் ஒன்றும் இருந்தது. 1887இல் அதனைப் பதிப்பித்த காமுர்ரினி, அக்கித்தேன் நாட்டுச் சில்வியா என்பவரே ஆசிரியர் என எண்ணினார். ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வடமேற்குப் பகுதியில் வாழ்ந்த வலேரியு என்னும் துறவி, தம் சகோதரருக்கு எழுதிய கடிதமொன்றில் இத்தகைய பயணம் செய்த பெண்மணியைப் புகழ்ந்துள்ளார். அதனை ஆதாரமாகக் கொண்டு, எகேரியாவே ஆசிரியர் என 1903இல் பெரோத்தின் நிறுவினார். பயணத்தின் காலம் 381 முதல் 384 வரை என 1967இல் போல் தேவோ காட்டிய கணக்கை இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். நான் பயன்படுத்தியது 1971இல் ஜான் வில்கின்சன் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு.

எஞ்சியுள்ள பக்கங்கள் சீனாய் மலையை நெருங்கும் கட்டத்தில் தொடங்குகின்றன. பின்னர் எகிப்தின் கோசேன் நாடு, நேபோ மலை, யோபுவின் கல்லறை இருந்ததாகக் காட்டப்பட்ட கர்னேயா, எடேசா, ஆரான், செலூக்கியாவிலுள்ள தெக்லாவின் ஆலயம் ஆகியவற்றைக் கண்டு, அம்மையார் கான்ஸ்டாண்டிநோபிள் நகரை அடைகிறார். அங்கிருந்துதான் தாயகத்திலுள்ள தம் சகோதரிகளுக்கு இதனை எழுதுகிறார். நூலின் மறுபாதி எருசலேம் திருச்சபையின் அன்றாட வழிபாட்டையும் ஆண்டுமுறை வழிபாட்டையும் விவரிக்கிறது. நடை இலக்கிய அழகு வாய்ந்ததன்று. வீட்டிலே பேசும் இலத்தீன். கூறியதையே மீண்டும் கூறுதல். 'அதாவது' என்று விளக்கி, விளக்கத்தையும் விளக்குதல். ஜெரோமைப் போன்ற மொழி வல்லுநர் இதனைக் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆயினும் பேசும் இலத்தீன் எவ்வாறு மாறி வந்தது என்பதை அறிய விரும்பும் மொழியியலாருக்கு அந்நடையே பெரும் புதையலாக அமைந்துவிட்டது.

இனி நூலின் உட்கருத்துக்கு வருவோம். திருத்தலம் காணச் சென்றவர் என்றவுடன், எலும்பையும் மரத்துண்டையும் முத்தமிட்டுத் திரியும் ஒருவரையே நம் புராட்டஸ்டண்டு மனம் கற்பனை செய்கிறது. எகேரியாவைப் பொறுத்தவரை அக்கற்பனை பெரிதும் தவறு. தாம் விரும்பிய இடம் ஒவ்வொன்றையும் அடைந்தவுடன் தம் குழுவினர் செய்து வந்ததை அவரே முறையாகக் கூறுகிறார். முதலில் மன்றாட்டு, அடுத்து அவ்விடத்துக்குரிய திருமறைப் பகுதியைச் சுவடியிலிருந்து வாசித்தல், பின்பு பொருத்தமான சங்கீதம் ஒன்று, மீண்டும் மன்றாட்டு. சீனாயின் உச்சிக்குக் காலால் நடந்தே ஏறுகிறார். வாகனத்தில் ஏறிச் செல்ல இயலாத, சுவரில் ஏறுவதுபோன்ற நேர்ச்செங்குத்து அது. ஞாயிறன்று காலை ஏறத்தாழ பத்து மணிக்கு உச்சியை அடைகிறார். அங்கிருந்த சிற்றாலயத்தில் மோசேயின் ஆகமத்திலிருந்து அவ்விடத்துக்குரிய பகுதி முழுவதும் வாசிக்கப்படுகிறது, திருவிருந்து நடைபெறுகிறது, விடைபெறுகையில் அங்குள்ள குருமார் அம்மலையில் விளைந்த கனிகளை அன்பளிப்பாகத் தருகின்றனர். அவர் விவரிப்பதில் மிகுந்த இடத்தைப் பெறுவது எது என நோக்கின், கல்லன்று, வாசிப்பே. தோற்சுவடியின் பாரத்தைச் சுமந்துகொண்டு பாலைவனம் கடந்த குழு அது. எந்த இடத்தில் எந்தப் பகுதி வாசிக்கப்பட்டது என்பதைக் கூறாமல் அவர் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.

அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன், 333இல் பயணம் செய்த போர்தோ நகரத்துப் பயணியின் குறிப்போடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். அந்த நூல் பெரும்பாலும் ஊர்ப்பெயர்களும் இடைத்தொலைவுகளும் அடங்கிய பட்டியல். திருநாட்டை அடைந்தபின் அவர் கூடுதலாகப் பேசினும், இங்கே இது நிகழ்ந்தது என்று சுட்டுவதோடு நின்றுவிடுகிறார். எகேரியாவோ நிகழ்ச்சியைச் சுட்டுவதோடு அமையாமல், அதனைக் காதால் கேட்டாக வேண்டும் என்கிறார்.

அவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவரும் அல்லர். ஆரானில் அந்நகரப் பேராயரிடம் அவர் எழுப்பிய வினா என்னை வியப்பில் ஆழ்த்தியது. தேராகுவும் ஆபிராமும் சாராயும் லோத்தும் ஆரானுக்கு வந்ததை ஆதியாகமம் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆனால் நாகோரும் பெத்துவேலும் எப்போது அங்கு வந்தனர்? இருபத்தினான்காம் அதிகாரத்தில் ஆபிரகாமின் ஊழியக்காரன் பெண் தேடிச் செல்லும்போது அவர்கள் அங்கே இருக்கின்றனர் அல்லவா? இவ்வினாவை நம் இறுதியாண்டு மாணவருள் எத்தனைபேர் தாமாகக் கேட்டிருப்பர்? பேராயரின் விடையும் நேர்மையானது. அவர்கள் வந்த காலத்தைத் திருமறை கூறவில்லை என்று ஒப்புக்கொண்டு, பின்னர் வந்திருக்க வேண்டும் என்பதற்கு நகருக்கு அருகில் காட்டப்பட்ட அவர்களது கல்லறைகளைச் சான்றாக்குகிறார். ஊர் என்னும் கல்தேயர் பட்டணத்தைக் காணவும் அம்மையார் ஆவல் கொள்கிறார். அது பெர்சியரின் எல்லைக்குள் இருக்கிறது, ரோமர் இப்போது அங்குச் செல்ல இயலாது என்கிறார் பேராயர். 363இல் நிசிபி நகரம் பெர்சியர் வசமான செய்தி இவ்வாறு ஒரு பயணியின் ஏமாற்றமாக நமக்கு வந்து சேர்கிறது. தாம் எதையும் துருவிக் கேட்கும் இயல்பினர் என்று அவர் தம்மைப்பற்றிக் கூறிக்கொள்வது மிகையன்று.

இவ்வளவு கூறியபின் குறைகளையும் கூறுதல் கடன்.

முதலாவது, அவருக்குக் காட்டப்பட்டதையெல்லாம் அவர் கண்டார். சீனாயின் உச்சியிலிருந்து எகிப்தும், பலஸ்தீனமும், செங்கடலும், அலெக்சாந்திரியா வரை நீளும் கடலும் தம் காலடியில் தெரிந்ததாக எழுதுகிறார். ஜெபல் மூசா எனப்படும் அம்மலையின் உயரம் 2,285 மீட்டர். அங்கிருந்து மத்தியதரைக் கடல் தெரிவதற்கு வழியே இல்லை. சுற்றியுள்ள மலைகள் யாவும் சிறு குன்றுகளாகத் தோன்றின என்கிறார். ஆனால் அருகிலேயே 2,600 மீட்டரையும் தாண்டி நிற்கும் கத்தரீனா மலை அதனினும் உயர்ந்தது. பொய் கூற வேண்டும் என்னும் நோக்கம் அவரிடம் இருந்ததாகத் தோன்றவில்லை. உடன்வந்த துறவியர் கைநீட்டிக் காட்டினர். பிரமாணம் அருளப்பட்ட மலை எல்லாவற்றினும் உயர்ந்ததாயிருத்தல் தகும் என உள்ளம் முன்னரே முடிவுசெய்திருந்தது. கண் அதற்கு இணங்கிற்று. நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவரின் கண் எளிதில் இணங்கும்.

எடேசாவில் இது இன்னும் வெளிப்படை. இயேசு கிறிஸ்து அரசன் அப்காருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தை யூசேபியார் தம் திருச்சபை வரலாற்றில் எடுத்தாண்டிருப்பதையும், அதனை ஆய்வாளர் பிற்காலத்துப் புனைவாகக் கொள்வதையும் நாம் அறிவோம். அக்கடிதம் நகருக்குள் வந்த வாயிலை எகேரியா பக்தியோடு காண்கிறார். பேராயர் அதன் பிரதியைக் கொடுத்தபோது, ஊரில் தம்மிடமுள்ள பிரதியைவிட இது விரிவாக இருக்கிறது என்று மகிழ்கிறார். விரிந்துகொண்டே செல்லும் கடிதம் ஐயத்துக்குரியது என்னும் எண்ணம் அவருக்கு எழவில்லை. அந்நகரில் அப்போஸ்தலனாகிய தோமாவின் முழு உடலும் இருப்பதாக அவர் எழுதியுள்ளதைத் தமிழ் வாசகர் சிறிது புன்முறுவலோடுதான் படிக்க இயலும். மயிலாப்பூர்க் கல்லறையை நாம் அறிந்தவர்கள். எலும்புகள் இந்தியாவிலிருந்து எடேசாவுக்குக் கொண்டுவரப்பட்டதை 373இல் மரித்த எபிரேமியார் தம் பாடல்களில் குறிப்பிட்டுள்ளதையும் அறிவோம். இத்தாலியின் ஒர்த்தோனா நகரம் 1258 முதல் அவ்வெலும்புகளுக்கு உரிமை கொண்டாடி வருவதும் தெரிந்ததே.

இரண்டாவது குறை இதனினும் கனமானது. அவர் கண்ட நாட்டில் திருமறை மாந்தரும், துறவியரும், பேராயர்களுமே வாழ்கின்றனர். ஏனையோர் இருந்தும் இல்லாதவர்கள். பாரான் நாட்டார் ஒட்டகங்களோடு பாலைவனம் கடக்க அடையாளங்கள் நாட்டிவைப்பதைச் சுவைபடக் கூறுகிறார். ஆரானில் குருமாரும் துறவியரும் தவிரக் கிறிஸ்தவரே இல்லை என ஒரு வரியில் முடிக்கிறார். வழித்துணையாக வந்த ரோமப் போர்வீரர் வழியச்சம் நீங்கியதும் அனுப்பிவைக்கப்படுகின்றனர். இரண்டாம் நூற்றாண்டில் அதிரியான் பேரரசனால் எருசலேமிலிருந்து விலக்கப்பட்ட யூதர்கள், ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஒரு கல்லின் அருகே புலம்பிச் செல்வதைப் போர்தோப் பயணி கூடக் குறித்துள்ளார். எகேரியாவிடம் அப்புலம்பலின் ஒலி இல்லை. எருசலேமின் இடங்களைப் பற்றிய அவரது பக்கங்கள் தொலைந்துவிட்டன என்பதையும், 1137இல் மொந்தே கசீனோவின் பேதுரு என்னும் உதவிகுரு தொகுத்த நூலின் வாயிலாகவே அவற்றுள் சிலவற்றை ஊகிக்கிறோம் என்பதையும் மனத்தில் கொண்டே இதனைக் கூற வேண்டும். ஆயினும் எஞ்சிய பக்கங்களின் போக்கு இது. ஆபிரகாமின் கிணற்றைக் காண விழைந்த கண், அக்கிணற்றில் அன்று நீர் மொண்டவர்களைக் காணவில்லை. இக்குறை அவரோடு மாண்டுபோனது என்று யாரும் கருத வேண்டா. நான் சென்ற குழுவின் பேருந்து, 2002 முதல் எழுப்பப்பட்டு வரும் மதிலைக் கடந்து பெத்லகேமுக்குள் சென்றது. பிறப்பின் ஆலயத்தில் ஒரு மணி நேரம், ஒலிவமரச் சிற்பக் கடையில் ஒரு மணி நேரம். அவ்வூரின் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றோடேனும் நாங்கள் பேசவில்லை.

இந்நிலையில்தான் நேபோ மலையின் நிகழ்ச்சி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. மலையுச்சியிலுள்ள ஆலயத்தின் வாயிலில் நின்று யோர்தானையும் உப்புக்கடலையும் காண்கிறார். அங்கிருந்து லோத்தின் மனைவி உப்புத்தூணாக நின்ற இடமும் அவருக்குக் காட்டப்படுகிறது. இதுவரை காட்டப்பட்டதையெல்லாம் கண்டவர் இங்குத் தயங்குகிறார். தூணை நாங்கள் காணவில்லை, இடத்தை மட்டுமே கண்டோம். இதில் உங்களை ஏமாற்ற என்னால் இயலாது என்னும் பொருள்படத் தம் சகோதரிகளுக்கு எழுதுகிறார். சோவாரின் பேராயர் அத்தூண் கண்ணுக்குப் புலப்பட்டுச் சில ஆண்டுகள் ஆயின என்று கூறியதையும், கடல் அதனை மூடிவிட்டதாகச் சொல்லப்படுவதையும் மறைக்காமல் சேர்த்துக்கொள்கிறார்.

சிறிய செய்திதான். ஆனால் அவருடைய நிலையில் இருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். அத்லாந்திக்குக் கடலோரத்திலிருந்து இவ்வளவு தொலைவு வந்தவர், வாசிக்கப்போகிறவர்கள் அங்கு ஒருபோதும் வர இயலாதவர்கள், தூணைக் கண்டேன் என்று எழுதியிருந்தால் மறுப்பார் யாருமில்லை, அவர்கள் மகிழ்ந்திருப்பர், வசனமும் அதற்கு இசைந்திருக்கும். சீனாயில் அவரது கண் ஏமாந்தது. நேபோவில் அவர் பிறரை ஏமாற்ற மறுத்தார். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து எளிதில் நம்புகிறவர் என்று தள்ளிவிடும் திறனாய்வாளர், ஏமாறுதலுக்கும் ஏமாற்றுதலுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர்.

இதனை எழுதும் எனக்கு அவ்வேறுபாட்டை அறிய வேண்டிய தேவை நேர்ந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் எருசலேம் சென்று திரும்பியபின், கிராமச் சபையொன்றில் பெரிய வியாழன் ஆராதனையில் செய்தியளித்தேன். ஆண்டவர் சீடரோடு பந்தியிருந்த மேல்வீட்டறையில் நின்றேன் என்றும், அச்சுவர்களைக் கையால் தொட்டேன் என்றும் கூறினேன். சீயோன் மலையில் இன்று காட்டப்படும் அவ்வறையின் தூண்களும் கூர்வளைவுகளும் சிலுவைப்போர்க் காலத்துக் கட்டடக்கலையைச் சேர்ந்தவை என்பது எனக்குத் தெரியாததன்று. மெக்காவின் திசையைக் காட்டும் மாடம் சுவரில் இருந்ததையும் என் கண்ணால் கண்டேன். அந்த மரபிடம் பழமையானது, கட்டடம் பிற்காலத்தது என்று ஒரு வாக்கியம் கூறியிருக்கலாம். கூறினால் செய்தியின் வேகம் குன்றும் என அஞ்சினேன். ஆராதனை முடிந்தபின் முதிய விதவைத் தாயார் ஒருவர் என் வலக்கையைப் பற்றித் தம் கண்களில் ஒற்றிக்கொண்டு, 'ஐயா, நீங்கள் தொட்டது நானே தொட்டதுபோல் இருந்தது' என்றார். நான் யாதொன்றும் கூறவில்லை. வகுப்பில் திருப்பண்டங்களின் வழிபாட்டைக் கண்டித்துப் பேசுகிறவன், என் கையே ஒரு திருப்பண்டமாவதற்கு இடங்கொடுத்து நின்றேன்.

கிரகோரியாரின் கடிதத்தை இனி வேறு முறையில் வாசிக்க வேண்டியவனானேன். அவர் எருசலேம் சென்றதும் ஏறத்தாழ எகேரியா அங்கிருந்த ஆண்டுகளில்தான். இடம் மாறுவதால் இறைவன் அண்மையில் வருவதில்லை. எருசலேமில் அருள் மிகுதியாயின் அங்கே விபசாரமும் களவும் கொலையும் ஏன் மலிந்துள்ளன. அந்நாட்டைக் காணுமுன்னும் கண்டபின்னும் தம் விசுவாசத்தில் கூடுதலும் குறைவும் இல்லை. கப்பதோக்கியாவில் இல்லாத பலிபீடங்களா என்று அவர் தொடுக்கும் வாதங்கள் கூர்மையானவை. சீர்திருத்த இயக்கத்துக்குப் பின் நம் முன்னோர் அவற்றை ஆவலோடு எடுத்தாண்டதில் வியப்பில்லை. 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய லுத்தரும், மனைவி மக்களை விட்டு ரோமைக்கு ஓடுவோரைக் கண்டித்தார். அவ்வாதங்களை நான் கைவிடவில்லை. ஆயினும் பெண்கள் பயணம் செய்வதில் நேரும் இடர்களைக் கிரகோரியார் அடுக்கும்போது, பெண் ஒருத்தி விலங்கின்மேல் ஏறவும் இறங்கவும் பிறர் கை வேண்டும் என்கிறார். சீனாயில் நடந்தே ஏறிய எகேரியாவை அறிந்தபின் அவ்வாதத்தை வகுப்பில் முன்போல் வாசிக்க நாக்கூசுகிறது. அன்றியும் அதே கிரகோரியார், எருசலேமில் வாழ்ந்த மூன்று கிறிஸ்தவப் பெண்களுக்கு எழுதிய மற்றொரு கடிதத்தில், ஆண்டவரது வாழ்வின் அடையாளங்களை அவ்விடங்களிலும், அவற்றினும் சிறப்பாக அப்பெண்களின் வாழ்விலும் கண்டு மகிழ்ந்ததாகக் கூறுகிறார். ஒரு கடிதத்தை மட்டும் மாணவருக்குக் கொடுத்து மற்றதை மறைத்தல் கற்பிப்போனுக்கு அழகன்று. ஜெரோமிடமும் இதே இரட்டைக்குரல் உண்டு. பவுலாவின் பெயரால் மார்சல்லாவைப் பெத்லகேமுக்கு வருந்தி அழைத்தவர், நோலாவின் பவுலீனுவுக்கு எழுதும்போது விண்ணரசின் வாயில் எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஒரே தொலைவில்தான் உள்ளது என்னும் கருத்தை வற்புறுத்துகிறார். ஆட்களுக்கேற்ற அறிவுரை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இவ்விருவரும் பேசுவது தனியொருவன் ஓர் இடத்துக்குச் சென்றால் அவனுக்கு என்ன நன்மை என்பதைப் பற்றி. எகேரியாவின் பிற்பகுதி வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே அவர் 'நான்' என்பதை ஏறத்தாழ மறந்துவிடுகிறார். சபை கூடுகிறது, கேட்கிறது, அழுகிறது, நடக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று மாலை ஐந்து மணியளவில் ஒலிவமலையின் உச்சியில், சிறுவர் கிளைகளோடு ஆண்டவரை எதிர்கொண்ட பகுதி வாசிக்கப்படுகிறது. உடனே மக்கள் எழுந்து, பேராயருக்கு முன்னே கால்நடையாக நகருக்குள் இறங்குகின்றனர். நடக்க இயலாக் குழந்தைகளும் பெற்றோரின் தோள்களில் கிளைகளை ஏந்தியிருக்கின்றனர். நம் சிற்றூர்ச் சபைகளில் தென்னங்குருத்தைச் சிலுவையாக முடைந்து பிள்ளைகள் தெருவில் பாடிச் செல்லும் பவனிக்கு இதுவே மூலம். அதனைக் காண நாம் விமானம் ஏற வேண்டியதாயிற்றா? வழிபாட்டில் வாசிக்கப்படும் பகுதியும் பாடப்படும் சங்கீதமும் நாளுக்கும் இடத்துக்கும் பொருந்தி அமைந்திருத்தலை அம்மையார் மீண்டும் மீண்டும் வியந்து பாராட்டுகிறார். இடத்தை நாம் நம் ஊருக்குக் கொணர இயலாது, நாளைக் கொணரலாம். திருச்சபை செய்தது அதுவே.

பெரிய வெள்ளியன்று கொல்கொதாவில், துணி விரித்த மேசைமேல் சிலுவை மரம் வைக்கப்படுகிறது. பேராயர் அதன் முனைகளைக் கையால் பற்றிக்கொண்டிருக்க, உதவிகுருமார் சூழ நின்று காவல் செய்கின்றனர். மக்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து முத்தமிடுகின்றனர். காவல் எதற்கு? முன்பொருநாள் எவனோ முத்தமிடுபவன்போல் குனிந்து மரத்தில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டானாம். நம் வகுப்புகளில் இச்செய்தி நகைப்பை எழுப்பத் தவறுவதில்லை. அதற்கு அடுத்து வருவதை வகுப்பு பெரும்பாலும் கேட்பதில்லை. நண்பகல் முதல் பிற்பகல் மூன்று மணி வரை அதே மக்கள் திறந்தவெளியில் நிற்கின்றனர். சங்கீதங்கள், தீர்க்கர்கள், நிருபங்கள், நற்செய்திகள் ஆகியவற்றில் ஆண்டவரின் பாடுகளைக் கூறும் பகுதிகள் தொடர்ந்து வாசிக்கப்படுகின்றன. பெரியோரும் சிறியோரும் அழுகின்றனர். மரத்தைக் கடித்தவன் தனக்கென ஒன்றைக் கொண்டுபோக விரும்பினான். மூன்று மணி நேரம் வாசிப்பைக் கேட்டு நின்றவர்களின் கையில் ஒன்றும் இல்லை.

போதகர்களாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வேறொரு பகுதியும் உண்டு. திருமுழுக்குக்கு ஆயத்தமாவோருக்குப் பேராயர் தபசு காலத்தில் நாள்தோறும் மூன்று மணி நேரம் போதிக்கிறார். ஆதியாகமம் தொடங்கித் திருமறை முழுவதையும், முதலில் சொற்பொருளாகவும் பின்பு ஆவிக்குரிய பொருளாகவும் விளக்குகிறார். அவருக்குச் சிரியம் தெரிந்திருந்தும் கிரேக்கத்திலேயே பேசுகிறார். குரு ஒருவர் அருகில் நின்று சிரிய மொழியில் பெயர்த்துக் கூறுகிறார். கிரேக்கமும் சிரியமும் அறியாத இலத்தீன் மக்களுக்கு இருமொழி அறிந்த சகோதர சகோதரிகள் விளக்குகின்றனர். உழவரின் மொழி மொழிபெயர்ப்பாளனின் வாயில். அதிகாரத்தின் மொழி பேராயரின் வாயில். சபைக்குத் தெரிந்த மொழியைத் தாமும் அறிந்திருந்தும் வேற்றுமொழியில் பேசிப் பெயர்க்கச் செய்யும் வழக்கம் நம் மேடைகளிலும் அற்றுப்போகவில்லை. எனினும் ஒருவரும் விளங்காமல் வீடு திரும்பலாகாது என்னும் அக்கறை அங்கே இருந்தது. அதனைக் கண்டு எழுதி வைத்தவர், அம்மொழிபெயர்ப்பை நாடி நின்ற வேற்றுநாட்டுப் பெண்மணி.

தமிழ்நாட்டில் எருசலேம் பயணத்துக்கு அரசு மானியம் வழங்கத் தொடங்கியபின், நம் சபைகளிலிருந்து செல்வோரும், அழைத்துச் செல்லும் போதகரும் பெருகியுள்ளனர். யோர்தான் நீர் நிரம்பிய சிறு குப்பிகள் நம் மக்களின் வீடுகளில் வேதாகமத்தின் அருகே வைக்கப்பட்டுள்ளன. செல்வது தகுமா தகாதா என்று மட்டும் விவாதிப்பதால் பயன் சிறிது என இப்போது எண்ணுகிறேன். கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து எழுதும் எகேரியா, எபேசுவுக்குச் செல்ல விரும்புவதையும், உயிரோடிருந்தால் அதனையும் அறிவிப்பதையும், சரீரத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம்மை நினைவில் வைக்குமாறும் சகோதரிகளை வேண்டுகிறார். அவர் நடந்த ஒவ்வொரு காதமும் வர இயலாதவர்களுக்காகவும் நடந்ததுதான். அவர்களுக்கு அவர் கடன்பட்டது ஒரு மெய்யான அறிக்கை. அதனாலேயே காணாத தூணைக் கண்டதாக எழுத அவருக்குக் கை வரவில்லை.

வருகிற பாடுகளின் வாரத்தில் அதே கிராமச் சபையில் பெரிய வியாழன் செய்தியளிக்க அழைப்பு வந்துள்ளது. அந்த முதிய தாயார் இன்றும் முன்வரிசையில் அமர்கிறார் என்று அச்சபையின் போதகர் எழுதியிருக்கிறார். அவ்வறையின் கூர்வளைவுகள் எக்காலத்தவை என்பதையும், அதனை அன்றே அறிந்திருந்தும் நான் கூறவில்லை என்பதையும் முதலில் சொல்லிவிட்டு, அதன்பின் யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசிப்பதாக இருக்கிறேன்.